ஒரு சென்ட் சென்னை

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. வெளி மாவட்டத்துப் பெற்றோர் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கி, பிள்ளையைத் தங்கிப் படிக்கும் பள்ளியில் சேர்த்துவிட்டுப் போவார்கள். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்காக, அம்மா மட்டும் இங்கேயே வாடகைக்கு வீடு பிடித்துத் தங்கிவிடுவதும் உண்டு. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு 2006-ல் வந்த சட்டத்தால் ஒழிந்து, பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம் என்று ஆனதும் அந்தக் கூட்டம் பெருகியது. நீட் வந்தபின் பயிற்சியின் பெயர் மாறியது. பெட்டி படுக்கை மாறவில்லை.

இப்போது அதே ஊர்க்காரர்கள் எதிர்த்திசையில் கிளம்பியிருக்கிறார்கள். கோழிப்பண்ணைக்காரர், லாரிக்கு பாடி கட்டுகிறவர், போர்வெல் ரிக் வண்டி முதலாளி, சேகோ ஆலைக்காரர் எனக் கையில் நாலு காசு புரளும் குடும்பங்கள், பிள்ளை கல்லூரியில் படிக்க சென்னைப் பக்கம் கூடுவாஞ்சேரியிலும் கேளம்பாக்கத்திலும், கோவைப் பக்கம் பீளமேட்டிலும் ஃபிளாட் பார்க்கின்றன.

வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைத் தூர ஊருக்கு அனுப்புவது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீனின் ப. சுப்பராயன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து ஆக்ஸ்ஃபோர்டு போனவர்; 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சர். அவர் மகன் மோகன் குமாரமங்கலம் ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். ஜமீன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் பட்டணத்தில் தலை சாய்க்க இடம் கிடைக்காது. பிராமணரல்லாத மாணவர்கள் தங்க இடமின்றித் தவித்ததைப் பார்த்துத்தான் டாக்டர் நடேச முதலியார் 1916-ல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லத்தைத் தொடங்கினார். அன்று ஒரு சமூகமே கூடிச் செய்த காரியத்தை இன்று ஒரு குடும்பம் வங்கிக் கடன் போட்டுத் தனியாகச் செய்கிறது.

ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டால் முதலில் வரும் பதில் ‘முதலீடு’. கொஞ்ச நேரம் பேசவிட்டால் அடியில் இருப்பது மேலே வரும். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே விடுதியில் கிடந்த பிள்ளை. இன்னும் நாலு வருஷமும் விடுதியா என்று அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. பெண் பிள்ளையென்றால் அம்மாயியைத் துணைக்கு அனுப்பிவிடலாம். பையனென்றால் யாரோடு சேருகிறான், எத்தனை மணிக்கு வருகிறான் என்று வாட்ச்மேனிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். (பையன் அந்த வாட்ச்மேனை முதல் வாரத்திலேயே சிநேகம் பிடித்துவிடுவான் என்பது அப்பாக்களுக்குத் தெரிவதில்லை.)

அப்படி வாங்கிய ஒரு ஃபிளாட்டின் சமையலறைக்குள் போனால் சென்னையில் இருப்பதாகவே தோன்றாது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் பதினைந்து லிட்டர் டின்னில். மூட்டையாகப் புழுங்கலரிசி, தூக்கில் நெய், பழைய நாளிதழில் சுற்றிய கொப்பரை. அட்டை அட்டையாக முட்டை. படிக்கிற பிள்ளைக்கு அது எத்தனை நாளைக்கு வரும் என்ற கணக்கெல்லாம் பண்ணைக்காரருக்குக் கிடையாது. எல்லாம் இரவு பஸ்ஸின் டிக்கியில் வந்து இறங்கியவை. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின், இந்த மூட்டைகளுக்காகவே கூடுவாஞ்சேரி வசதி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி இடம். நம் பக்கத்து ஆட்களுக்குச் சொத்து என்றால் காடு, தோட்டம், வீட்டுமனை. கால் வைத்து நிற்க மண் வேண்டும். ஆறாவது மாடியில் நிறுத்தி பால்கனியைக் காட்டும் விற்பனைப் பிரதிநிதியிடம் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “ஏனுங்க தம்பி, இதுல நம்ம எடம் எவ்வளவுங்க?” அவர், “யூ.டி.எஸ். நானூத்தி முப்பத்தாறு சதுரடி சார்” என்பார். மனக்கணக்கு உடனே ஓடும். 435.6 சதுர அடி ஒரு சென்ட். அறுபது லட்சத்துக்கு ஒரு சென்ட். அதுவும் எந்த மூலை என்று கோடு போட்டுக் காட்ட முடியாத சென்ட்.

கேலிக்குரிய கேள்வியல்ல அது. ஃபிளாட் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். கட்டடம் வருஷத்துக்கு வருஷம் பழசாகும். விலை ஏறுவது யூ.டி.எஸ். என்கிற, பிரிக்கப்படாத அந்த நிலப் பங்குக்குத்தான். 2022-ல் இயற்றி 2024-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். அன்றைக்குப் பத்திரத்தில் எத்தனை சதுரடி நிலம் எழுதியிருக்கிறது என்பதே பேச்சு. பளபளப்பான இருபது மாடியைவிட, மூன்று மாடிப் பழைய கட்டடத்தில் நிலப் பங்கு பெரும்பாலும் கூடுதலாகக் கிடைக்கும். புதுசு என்றால், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீட்டுக்கு மேலோ கட்டும் திட்டத்துக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் பதிவு எண் இருக்க வேண்டும். விலையை, உள்ளே புழங்கும் இடமான ‘கார்ப்பெட் ஏரியா’ கணக்கில் சொல்லச் சொல்லுங்கள். ஆயிரம் சதுரடி என்று விளம்பரம் செய்த வீட்டுக்குள் கட்டிலும் பீரோவும் போட்டபிறகுதான் பலருக்கு விஷயம் புரிகிறது.

காசுக் கணக்குக்கு வருவோம். அறுபது லட்சம் ரூபாய்க்குப் புது ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து 15 லட்சம், கடன் 45 லட்சம், வட்டி 8.5 சதவீதம், 20 வருஷம். மாதத் தவணை சுமார் 39,000 ரூபாய். நாலு வருஷத்தில் கட்டுவது ஏறக்குறைய 18.75 லட்சம், அதில் அசலுக்குப் போவது நாலு லட்சத்துச் சொச்சம்தான், மிச்சம் பதினாலரை லட்சத்துக்கு மேல் வட்டி. 2023 டிசம்பர் முதல் புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு, நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் கட்டணம் வாங்குகிறார்கள். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 7 சதவீதம், அதாவது 4.2 லட்சம். பராமரிப்பு மாதம் மூவாயிரம் என்றால் நாலு வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். கையிலிருந்து போட்ட 15 லட்சம் டெபாசிட்டில் கிடந்தால் வந்திருக்கும் வட்டி நாலு லட்சம். அசல் நீங்கலாக எல்லாம் கூட்டினால் இருபத்துநாலு, இருபத்தைந்து லட்சம். அதே வீட்டை மாதம் 18,000 வாடகைக்கு எடுத்திருந்தால் செலவு 8.64 லட்சம்.

ஆக, படிப்பு முடிந்ததும் விற்றுவிடுவது என்றால், வீடு வருஷத்துக்கு ஆறு சதவீதம் ஏறினால்தான் கை கடிக்காது. விற்பனையில் வருகிற லாபத்துக்கு 12.5 சதவீத மூலதன ஆதாய வரி, புரோக்கர் கமிஷன் வேறு. வேலை முடியாத கட்டடமென்றால் தொடக்கத்திலேயே ஜி.எஸ்.டி. 5 சதவீதம் சேர்ந்துகொள்ளும். நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு அது இல்லை. நாலு வருஷப் படிப்புக்காக மட்டும் ஃபிளாட் வாங்குவது காசைக் கரைக்கிற வேலை. இதைச் சொன்னால் புரோக்கருக்குக் கோபம் வரும், வரட்டும். அக்காவுக்குப் பின் தம்பி, தம்பிக்குப் பின் சித்தப்பா மகள் என்று பத்து வருஷம் அந்த வீடு ஓடுமென்றால் கணக்கே வேறு. கூட்டுக் குடும்பம் பிரிந்தாலும் கூட்டு உபயோகம் பிரியாத பங்காளிகளுக்கு மட்டும் இது கட்டுப்படியாகும்.

கடன் நம்மவர்களுக்கு அந்நியமல்ல. லாரி ஃபைனான்ஸில் ‘டியூ’ கட்டி வளர்ந்த ஊர்கள் இவை. ஆனால் லாரி டியூ சில வருஷத்தில் முடிந்துவிடும், வண்டியும் ஓடிச் சம்பாதிக்கும். வீட்டு டியூ இருபது வருஷம், வீடு ஓடாது. முட்டைக்கு விலை தினம் மாறும். புரட்டாசியில் பாதி ஊர் கவிச்சியை விட்டுவிட, பண்ணை விலை சரியும். தீவன விலை சரியாது. மழைக்காலத்தில் ரிக் வண்டி ஷெட்டில் நிற்கும். வங்கியின் ஐந்தாம் தேதி புரட்டாசியிலும் ஐந்தாம் தேதிதான். ஆறு மாத டியூவைத் தனிக் கணக்கில் போட்டுவைக்க முடியாதவர்கள் இதில் இறங்கவே கூடாது. இன்னொன்று: மூன்று வருஷ வருமான வரிக் கணக்கை வங்கி கேட்கும்போதுதான், ஆடிட்டரிடம் சொல்லி வருமானத்தைக் குறைத்துக் காட்டியதன் அருமை தெரியும். ரொக்கமாகக் கொடுத்துச் சரிக்கட்டலாம் என்றும் நினைக்க வேண்டாம். சொத்துக்கு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

யார் பேரில் வாங்குவது? கல்லூரியில் சேரும்போது பல பிள்ளைகளுக்குப் பதினேழு வயதுதான். ஆசையாக அவர்கள் பேரிலேயே பத்திரம் போட்டுவிட்டால், மைனராக இருக்கும் வரை அந்தச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கோர்ட் அனுமதி வேண்டும். அப்பா அம்மா பேரில் வாங்கி, பதினெட்டு முடிந்தபின் செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக்கொடுக்கலாம். கடன் இருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் இந்தப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் 10,000.

மகள் படிக்க வாங்கும் வீட்டை மகள் பேரிலேயே எழுதிவிடுங்கள் என்றே சொல்வேன். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. நம் பக்கத்தில் இன்றும் பெண்ணுக்கு நகை, பையனுக்குத் தோட்டம் என்றுதான் பாகம் பிரிகிறது. ஃபிளாட் அந்தப் பழக்கத்துக்கு வெளியே நிற்கும் புது வகைச் சொத்து. பங்காளிகள் பொறாமைப்பட அதில் வரப்பும் கிணறும் இல்லை. ஆனால் படிக்கும்போதே எழுதிவிட வேண்டும். ஜாதகம் கையில் எடுத்தபிறகு எழுதினால் அது சொத்தல்ல, சீர்.

வீடு பார்க்கிற மாதமும் தப்பு. கலந்தாய்வு முடிந்த கையோடு, ஆடி வெயிலில் போய்ப் பார்க்கிறார்கள். பெரும்பாக்கமும் முடிச்சூரும் பள்ளிக்கரணையும் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் கார்த்திகையில் போக வேண்டும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலடித்த 2023 டிசம்பரிலும் தண்ணீர் எங்கெல்லாம் நின்றது என்று தெருமுனை டீக்கடைக்காரர் சொல்லுவார், புரோக்கர் சொல்லமாட்டார். முதல் வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டு ஒரு மழையைப் பார்த்தபின் வாங்குவது உத்தமம். பிள்ளைக்கு அந்தக் கல்லூரி பிடிக்கிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். கோவை என்றால் இந்தத் தலைவலி குறைவு. வாரக் கடைசியில் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும் தூரம். ஃபிளாட்டே தேவையா என்று யோசிக்கலாம்.

வாங்கியபின் உரிமையாளர் ஊரில் இருப்பார்; சங்கக் கூட்டத்துக்கு அவர் சார்பில் இரண்டாம் வருஷம் மெக்கானிக்கல் படிக்கும் பையன் போய் உட்காருவான். லிஃப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர் டீசல், லாரித் தண்ணீர்ச் செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பதா, ஆளுக்கு இவ்வளவு என்றா என ஓய்வுபெற்ற பெரியவர்களோடு மல்லுக்கட்டுவான். திருச்செங்கோட்டு ரிக் முதலாளி ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னது இது. அப்படியொரு கூட்டத்தில் போர்வெல் வற்றிப்போன பேச்சு வந்ததாம். மகன் அங்கிருந்தே போன் போட்டிருக்கிறான். “ஏனுங்கப்பா, நம்ம வண்டி ஒண்ணு இந்தப் பக்கம் வந்தா இங்க புதுசா ஒண்ணு போட்டுத் தர முடியுங்களா?”

“மொதல்ல அவங்க பர்மிஷன் வாங்கியிருக்காங்களான்னு கேளு சாமி. அப்புறம் அடிக்கு என்ன ரேட்டுன்னு நான் பேசிக்கிறேன்.”