கடல் நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி

ஊர்காவற்துறை இறங்குதுறையில் நின்று காரைநகர்ப் பக்கம் பார்த்தால், கடலுக்குள் ஒரு கறுத்த கல்வளையம் தெரியும். வரைபடத்தில் அது ஹம்மன்ஹீல் கோட்டை. ஊரில் பூதத்தம்பி கோட்டை என்பாரும் உண்டு; அந்தப் பெயருக்குப் பின்னாலுள்ள கதையைக் கூத்துக்காரர்களிடம் விட்டுவிடுவோம். இப்போது அது கடற்படை நடத்தும் ஒரு சிறிய விடுதி. கோட்டைக்குள்ளேயே சில அறைகள். காரைநகர்க் கரையிலிருந்து படகில் கொஞ்ச நேரம். மார்கழி, தையில் அங்கே தங்குபவருக்கு இரவில் போர்வை வேண்டியிருக்கும். வெப்பநிலை என்னவோ 22 பாகைக்குப் பக்கத்தில்தான். குளிர வைப்பது வாடைக்காற்று.

ஜப்பானில் குளிர்காலத்துக்கென்றே பேர்போன பழைய சத்திரங்கள் உண்டு. 705ஆம் ஆண்டு தொடங்கியதாகச் சொல்லும் ஒரு மலைச் சத்திரம், உலகின் மிகப் பழைய விடுதி என்று கின்னஸில் பதிவாகியிருக்கிறது. ஆளை அங்கே இழுப்பது நிலத்துக்கு அடியிலிருந்து வரும் வெந்நீர். ஹம்மன்ஹீலின் சரித்திரமும் தண்ணீரைப் பற்றியதுதான். ஆனால் இங்கே நிலத்துக்கு அடியில் இருப்பது உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் மேலேயிருந்துதான் வரவேண்டும்.

கிணறு ஏன் வெட்டவில்லை என்று கேட்கலாம். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் கிணறுகள் இருக்கின்றன; வேலணையில் சாட்டிப் பக்கத்துத் தண்ணீருக்குத் தீவகம் முழுக்கப் பெயர். அந்த நன்னீர் எங்கோ ஆழத்து ஊற்றிலிருந்து வருவதில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மழைநீர், பாரம் குறைவு என்பதால் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரைக்கும் நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. வரம்பு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். இந்த மிதப்பு நிற்பதற்கு நிலம் அகலமாக இருக்கவேண்டும். கோட்டை இருப்பதோ ஒரு மணல்திட்டில். அங்கே விழும் மழை மணலில் இறங்கி அடுத்த வற்றுப் பெருக்கிலேயே கடலோடு போய்விடும். எவ்வளவு தோண்டினாலும் சவர்த் தண்ணிதான்.

ஆக, மழையைத் தரையில் விழவிடாமல் பிடிக்கவேண்டும். யாழ்ப்பாணப் பகுதி மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். கணக்குக்காக, கோட்டைக்குள் 300 சதுர மீற்றர் சாந்து பூசிய தளம் இருப்பதாகவும், பருவம் முழுவதிலும் 800 மில்லிமீற்றர் பெய்வதாகவும் வைத்துக்கொள்வோம். 2,40,000 லீற்றர் வருகிறது. மூன்றிலொரு பங்கு வீணாய்ப் போனாலும் 1,60,000 மிஞ்சும். முப்பது பேர் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லீற்றர் என்றால் வருடத்துக்கு 55,000 போதும். வானம் தாராளமாகத்தான் தருகிறது. பிடித்து வைக்கும் தொட்டிதான் கோட்டையின் உயிர்நிலை.

கோட்டையை அப்போது வைத்திருந்த போர்த்துக்கேயருக்கு இது வலிக்க வலிக்கத் தெரியவந்தது 1658இல். ஒல்லாந்தத் தளபதி வன் கூன்ஸின் படை கோட்டையைச் சுற்றிக்கொண்டது. கொத்தளத்தில் பீரங்கி இருந்தது, சுற்றிலும் கடல் அகழியாக இருந்தது. இருந்தும், குடிக்கத் தண்ணீர் இல்லாமற்போய்க் கோட்டை சரணடைந்தது. அதே வருடம் யூனில் யாழ்ப்பாணக் கோட்டையும் விழுந்தது.

கைக்கு வந்த கோட்டையில் ஒல்லாந்தர் கல்லால் தொட்டி கட்டினார்கள். இப்படியான தொட்டியின் தத்துவம் எளிது. சாய்வாக விடப்பட்ட தளம், ஓடிவரும் நீரை வாங்கும் பீலி, நிலத்தில் பதித்து மூடிய தொட்டி. மூடுவது குப்பைக்காக மட்டுமில்லை; வெளிச்சம் படாத நீரில் பாசி பிடிக்காது, நுளம்பும் உள்ளே போய் முட்டையிட முடியாது. முதல் மழையைத் தொட்டிக்குள் விடக்கூடாது. கோடை முழுவதும் தளத்தில் சேர்ந்த பறவை எச்சமும் உப்புத் தூளும் அதோடுதான் வரும்.

அடுத்த திருத்தத்தை அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்த பால்டேயஸ் பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். மதில்களுக்கு உள்ளே பொள்ளலாக இருந்த இடங்களைப் போர்த்துக்கேயர் மர உத்திரம் போட்டு, மேலே கல்லும் சுண்ணாம்பும் பரப்பி மூடியிருந்தார்கள். கடல் ஈரத்தில் மரம் உளுக்கும். ஒல்லாந்தர் அவற்றைக் கழற்றிவிட்டுக் கல் வளைவுகள் கட்டினார்கள். வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்குவதால், மேலே பாரம் ஏற ஏறப் பிடிப்பு இறுகும்; உக்கிப்போக மரமும் இல்லை.

அந்தக் கல்லைக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். தீவகத்தின் பழைய கட்டடங்களில் காரை உதிர்ந்த இடத்தில் விரலை வைத்தால் சொரசொரவென்று வளைந்து வளைந்து ஓடும் வரிகள் படும். மூளைப் பவளம், சுவருக்குள் குந்தியிருக்கிறது. இதுதான் முருகைக்கல். நெடுந்தீவில் சாந்தே இல்லாமல் இதையே அடுக்கி வளவுகளுக்கு வேலி போட்டிருப்பார்கள். உள்ளே ஆயிரம் துளைகள், துளைக்குள் காற்று. அதனால் வெயிலின் சூடு சுவரைக் கடந்து வர வெகுநேரமாகும், வாடையின் குளிரும் அப்படியே. நான்கு அடி கனமுள்ள முருகைக்கல் சுவரைத் தாண்டி வெளிக்காற்றின் மாற்றம் அறைக்குள் அவ்வளவு சீக்கிரம் எட்டாது. கதவிடுக்கால் வரும் காற்றுக்குத்தான் போர்வை.

சாந்தும் அதே கல்லிலிருந்துதான். முருகைக்கல்லைச் சூளையில் வேகவைத்தால் கரியமிலவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். நீரூற்றி நீற்றி, மணல் சேர்த்துப் பூசினால், போன வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிவிடும். இன்று இலங்கைக் கரையோரத்தில் பவளப்பாறை வெட்டுவதற்குச் சட்டத்தில் தடை. அது நியாயம்தான், கரையைக் கடலரிப்பிலிருந்து காப்பது அந்தப் பாறை. ஆனால் பழைய சுவரில் ஓர் இடம் விழுந்தால் சீமெந்தை அப்பாமல், சுண்ணாம்புச் சாந்து கலக்கத் தெரிந்த ஆளைத் தேடவேண்டும். சீமெந்து ஈரத்தை வெளியே விடாது. உள்ளே அடைபட்ட உப்பு முருகைக்கல்லையே உதிர்த்துவிடும்.

ஆங்கிலேயர் காலத்தில் தொற்றுநோயாளரை வைத்தது ஹம்மன்ஹீலில்தான். பிறகு சிறைச்சாலை. 1971 கிளர்ச்சியில் பிடிபட்ட ஜே.வி.பி.யினரும் இங்கே அடைபட்டிருந்தார்கள். இப்போது காசு கொடுத்துத் தங்குகிறார்கள். தங்கப் போகிறவர்கள் சூரியன் மறைவதைப் படம் எடுத்து முடிந்ததும், தொட்டி எங்கே என்று கேட்டுப் பார்க்கலாம்.