அசையாப் படங்களில் ஓர் அசைவு: கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெத்தே’ குறும்படத்தின் காட்சிமொழி

திறவுச்சொற்கள்: குறும்படம், நிழற்படம், படத்தொகுப்பு, கரைவு, அசைவு

பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர் 1962இல் உருவாக்கிய ‘லா ஜெத்தே’ 28 நிமிடக் கறுப்பு வெள்ளைக் குறும்படம். தன்னை ஒரு நிழற்படப் புதினம் என்று தொடக்க எழுத்துகளிலேயே அறிவித்துக்கொள்ளும் இப்படம், ஏறத்தாழ முழுவதும் அசையாத நிழற்படங்களால் ஆனது. ஒரேயோர் இடத்தில் மட்டும் உருவம் அசைகிறது. இப்படத்தைப் பாராட்டும் பேச்சு பெரும்பாலும் அந்த அசைவோடு நின்றுவிடுகிறது. அவ்வசைவு வெறும் உத்தியா, அன்றிப் படத்தின் காட்சிமொழியிலிருந்தே விளைந்ததா என்பது ஆராயத்தக்கது.

கதை சுருக்கமானது. மூன்றாம் உலகப் போரில் பாரிஸ் அழிகிறது. எஞ்சியோர் நிலத்தடியில் வாழ்கின்றனர். சிறுவயதில் ஓர்லி விமான நிலைய மேடையில் கண்ட ஒரு பெண்ணின் முகத்தை மறவாத கைதி ஒருவன், சோதனைப் பொருளாகக் கடந்த காலத்திற்கு அனுப்பப்படுகிறான்.

நிழற்படத் தொகுப்பேட்டைப் புரட்டுபவர் ஒரு படத்தை எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதைத் தாமே முடிவு செய்கிறார். திரையில் அவ்வுரிமை அவருக்கில்லை. அசையாப் படமும் நொடிக்கு 24 சட்டகங்களாக ஓடிக்கொண்டேயிருக்கிறது. அது எப்போது விலகும் என்பதைப் படத்தொகுப்பே தீர்மானிக்கிறது. ஆகவே இப்படத்தின் காட்சிமொழியைத் தனித்தனிப் படங்களின் ஒளியமைப்பில் மட்டும் தேடுவது போதாது. ஒரு படம் நிலைக்கும் கால அளவிலும், அது அடுத்ததற்கு வழிவிடும் முறையிலும் தேடவேண்டும்.

பெண் துயிலும் காட்சி இதற்குச் சிறந்த சான்று. தலையணையில் சாய்ந்த முகம் சற்றே வேறுபட்ட நிலைகளில் அடுத்தடுத்துத் தோன்றுகிறது. ஒரு படம் மறையுமுன்பே மற்றொன்று அதன்மேல் படர்கிறது; ‘டிசால்வ்’ எனத் திரைத்துறையினர் வழங்கும் கரைவு இது. கதைசொல்லியின் குரல் ஓய்ந்துவிடுகிறது. பறவைகளின் ஒலி மட்டும் பெருகுகிறது. கரைவுகளின் இடைவெளி குறையக் குறைய, முகம் அசைவதாகவே கண் நம்பத் தொடங்குகிறது. அந்நிலையில் அவள் உண்மையாகவே கண் திறந்து, நேராகப் பார்த்து, இமைக்கிறாள். சில நொடிகளே. உடனே சோதனையாளரின் முகத்திற்குப் படம் வெட்டப்படுகிறது. அசைவு நிகழ்ந்ததைக் கவனியாது கடந்துவிடுவோரும் உண்டு. அந்த அளவிற்குக் கரைவுகள் அதற்கு வழி அமைத்துவிடுகின்றன. திரைப்படக் கருவி சிறிது நேரமே கிடைத்ததால்தான் ஓர் அசைவு மட்டும் இடம்பெற்றது எனக் கூறப்படுவதுண்டு. கருவி எவ்வளவு நேரம் கிடைத்தது என்பது, அசைவு ஏன் இந்த இடத்தில் வந்தது என்பதற்கு விடையாகாது.

இதன்பின் வரும் அருங்காட்சியகக் காட்சி போதிய கவனம் பெறவேண்டியது. பாடம் செய்யப்பட்ட விலங்குகளுக்கிடையே இருவரும் மகிழ்ச்சியாக உலவுகின்றனர். வழக்கமான படமாயின் உயிருள்ளவை எவை, உயிரற்றவை எவை என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும். இங்கு விலங்கும் மனிதரும் ஒரே அசைவின்மையில் உறைந்துள்ளனர். இமைத்த கண்களைப் பார்த்துவிட்ட பார்வையாளருக்கு இவ்வசைவின்மை முன்புபோல் இயல்பாகத் தோன்றுவதில்லை. பறிக்கப்பட்ட ஒன்றாகத் தோன்றுகிறது. துயிற்காட்சி இல்லையெனில் அருங்காட்சியகம் வெறும் அழகிய பின்னணியாகவே எஞ்சியிருக்கும்.

இறுதியில் அவன் ஓர்லி மேடையில் அவளை நோக்கி ஓடுகிறான். அவ்வோட்டமும் நிழற்படங்களாகவே காட்டப்படுகிறது. ஒவ்வொரு படத்திலும் கால் முன்வைத்த நிலை. இடைப்பட்ட தொலைவோ படத்தில் இல்லை. அவளுக்கு ஒருமுறை வாய்த்த அசைவு அவனுக்கு ஒருபோதும் வாய்க்கவில்லை. சுடப்பட்டு விழும் தருணத்திலும் அவன் உடல் வளைந்தபடியே நின்றுவிடுகிறது. சிறுவயதில் அவன் அம்மேடையில் கண்டது இந்த மரணத்தைத்தான்.