காலங்காட்டாத வெட்டு: ‘வெஸ்ட்வேர்ல்டு’ முதற்பருவத்தின் படத்தொகுப்பு
தமிழ் வினையில் காலத்தை இடைநிலை காட்டும். படத்தொகுப்பின் வெட்டிற்கு அத்தகைய உறுப்பு இல்லை. வேறு குறிப்பு இல்லாதவிடத்து, அடுத்தடுத்த காட்சிகளை ஒரே காலத்தன என்றே பார்வையாளர் கொள்வர். 2016இல் எச்பிஓ ஒளிபரப்பிய ‘வெஸ்ட்வேர்ல்டு’ அறிவியல் புனைவுத் தொடரின் முதற்பருவம் இவ்வழக்கத்தையே பயன்கொள்கிறது. இளைஞன் வில்லியமும் கறுப்புடை முதியவனும் ஒருவனே. இடையே ஏறத்தாழ 30 ஆண்டுகள். இருவர் காட்சிகளும் ஆண்டுக்குறிப்பின்றி மாறிமாறி இணைக்கப்பட்டுள்ளன. மூப்பறியா இயந்திரப்பெண் டொலோரஸ் இரண்டிலும் ஒரே தோற்றத்தில் வருவதால் ஐயம் எளிதில் எழாது. பத்தாம் பகுதியிலேயே உண்மை வெளிப்படையாகக் கூறப்படுகிறது. இக்குழப்பத்தை முற்றிலும் குறையெனத் தள்ளவியலாது. நினைவையும் நிகழ்வையும் பிரித்தறியாத டொலோரஸின் நிலையையே பார்வையாளரும் எய்துகின்றனர். ஆனால் அவள் இடம்பெறாத முதியவன் காட்சிகளுக்கு இந்நியாயம் பொருந்தாது. அங்கு வெட்டு எவருடைய நினைவையும் காட்டவில்லை. செய்தியை மறைக்க மட்டுமே செய்கிறது.