உடன்படிக்கையின் வாக்குறுதிகளும் யூத மக்களும்

சில ஆண்டுகளுக்கு முன் புதுக்கோட்டை வட்டாரத்துக் கிராமச் சபையொன்றில் எபிரெயர் நிருபத்தை வேதபாடமாக நடத்திவந்தேன். எட்டாம் அதிகாரத்தை விளக்கி, பழைய உடன்படிக்கை முடிந்துபோயிற்று, யூதருக்குரிய வாக்குறுதிகள் யாவும் திருச்சபையின் உடைமையாயின என்று கூறி முடித்தேன். அப்பொழுது முதியவர் ஒருவர் எழுந்து, “ஐயரவர்களே, ஆபிரகாமின் பிள்ளைகளுக்கு ஆணையிட்டுக் கொடுத்த வாக்கைக் கடவுள் மாற்றிக்கொண்டார் என்றால், நமக்குக் கொடுத்த வாக்கை மாற்றமாட்டார் என்பதற்கு என்ன உறுதி?” என்று கேட்டார். அன்று நான் அளித்த விடை அவருக்கும் நிறைவளிக்கவில்லை, எனக்கும் நிறைவளிக்கவில்லை. அவ்வினாவிற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

1. சொல்லும் பொருளும்

உடன்படிக்கையைக் குறிக்கும் எபிரேயச் சொல் ‘பெரீத்’. இதனைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள், இரு தரப்பினர் சரிநிகராகச் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தைக் குறிக்கும் ‘சுந்தேக்கே’ என்னும் சொல்லை விடுத்து, ஒருவர் தம் விருப்பப்படி எழுதிவைக்கும் சாசனத்தைக் குறிக்கும் ‘தியாதேக்கே’ என்னும் சொல்லையே பெரிதும் ஆண்டனர். 1871-இல் வெளிவந்த நமது பழைய திருப்புதலில் இவ்வொரு சொல் மூன்று வடிவங்களில் வருகிறது. நூலின் பெரும்பிரிவுகளுக்கு ‘ஏற்பாடு’. பெரும்பாலான இடங்களில் ‘உடன்படிக்கை’. எபிரெயர் 9:16-இல் ‘மரணசாசனம்’.

இம்மூன்றனுள் ‘உடன்படிக்கை’ என்பது இருவர் உடன்பட்டுச் செய்வது. ஒருவர் தவறினால் மற்றவர் கட்டினின்று விடுபடுவார் என்னும் எண்ணம் அச்சொல்லோடு நம் உள்ளத்தில் எழுகிறது. ஆனால் ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்தில் ஆபிராம் அயர்ந்து உறங்குகிறான். பிளக்கப்பட்ட பலிகளின் நடுவே கடந்துபோவது கடவுளின் பிரசன்னத்தைக் காட்டும் நெருப்பு மட்டுமே. சீனாயிலோ மக்களும் கீழ்ப்படிவதாகச் சொல்லித் தங்களைக் கட்டுப்படுத்திக்கொண்டனர் (யாத். 24). ஆயினும் சீனாயின் சட்டம் ஆபிரகாமுக்கு அருளிய வாக்குறுதியை ஒழித்துவிடாது என்பது பவுலின் உறுதியான வாதம் (கலா. 3:17).

2. நம் நாட்டுச் சாசனங்கள்

இதனை உணர்ந்துகொள்ள நம் மாவட்டத்தாருக்கு நல்ல துணையொன்றுண்டு. குடுமியான்மலை, திருமயம், நார்த்தாமலை ஆகிய ஊர்களில் கல்வெட்டுகளைக் கண்டிராதார் இலர். புதுக்கோட்டைச் சமஸ்தானம் அவற்றின் மூலபாடங்களை 1929-இல் நூலாகவே வெளியிட்டது. இத்தகைய தமிழகக் கல்வெட்டுகளில் கொடை எதுவரை நிற்கும் என்பதைச் ‘சந்திராதித்தவரை’ என்னும் தொடரால் குறிப்பது மரபு. சந்திரனும் சூரியனும் உள்ளளவும் என்பது பொருள்.

இம்மரபிலேயே யூதருக்கும் ஒரு சாசனம் கிடைத்தது. கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டிலிருந்து, யோசேப்பு ரப்பான் என்னும் யூத வணிகர் தலைவருக்கு எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கிச் செப்பேட்டில் வட்டெழுத்தில் பொறிப்பித்தான். உலகும் சந்திரனும் உள்ளளவும் அவர் வழியினருக்கு அவ்வுரிமை நிற்கும் என்பது அதன் கருத்து. அச்செப்பேட்டைக் கொச்சி யூதர் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவந்தனர். மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த அவர்களுடைய ஜெபாலயத்தை 1662-இல் தாக்கிச் சேதப்படுத்தியவர்கள் போர்த்துக்கீசியக் கிறிஸ்தவர்கள். திருமறை அறியாத மன்னன் அளித்த புகலிடத்தில், திருமறையைக் கையில் ஏந்தியவர்கள் கைவைத்தனர். இது நமக்கு வெட்கம்.

3. எரேமியாவின் முப்பத்தொன்றாம் அதிகாரம்

புதிய உடன்படிக்கை என்றவுடன் நாம் எடுத்துக்காட்டும் பகுதி எரேமியா 31:31-34. இதனை வாசிப்போர் பெரும்பாலும் 34-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகின்றனர். அடுத்த மூன்று வசனங்களில் கடவுள் சூரியனையும் சந்திரனையும் நட்சத்திரங்களையும் சாட்சியாக நிறுத்துகிறார். அவற்றின் ஒழுங்கு அழியுமானால் மட்டுமே இஸ்ரவேலின் சந்ததி தம்முன் ஒரு மக்களினமாக இராமல் அற்றுப்போகும் என்கிறார். புதிய உடன்படிக்கையின் சாசனமே ‘சந்திராதித்தவரை’ என்னும் முத்திரையோடுதான் முடிகிறது. முத்திரையை அழித்துவிட்டுச் சாசனத்தை மட்டும் நமதாக்கிக்கொள்ளுதல் நேர்மையாகாது.

மேலும், புதிய உடன்படிக்கையில் எழுதப்படுவது யாது? கடவுளின் அதே நியாயப்பிரமாணமே. எழுதப்படும் இடந்தான் வேறு. முன்பு கற்பலகை, இப்பொழுது இருதயம். பழங்கோயிலைப் பிரித்துப் புதுக்கியபோது, பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் பொறித்து, இது பழங்கல்லின் படி என்று குறிப்பெழுதி வைத்த வழக்கம் நம் நாட்டில் இருந்தது. சுவர் புதிது; கொடை பழையது; கொடுத்தவர் சொல் மாறவில்லை. புதிய உடன்படிக்கையின் புதுமையும் இத்தகையதே. அன்றியும், கல் தர இயலாத கீழ்ப்படிதலை இருதயத்தில் தருகிறவர் கிறிஸ்துவே, அவருடைய இரத்தத்தினாலேயே அது நமக்கு நிலைநாட்டப்பட்டது (லூக். 22:20).

அவ்வாறாயின் எபிரெயர் 8:13 முதல் உடன்படிக்கையைப் பழமையானது, உருவழியப்போகிறது என்று சொல்வதேன்? அந்நிருபத்தின் வாதம் ஆசாரியத்துவத்தையும் பலிகளையும் பற்றியது. ஆபிரகாமுக்குக் கடவுள் இட்ட ஆணையை அந்நிருபமே ஆறாம் அதிகாரத்தில் நம் நம்பிக்கையின் நங்கூரத்திற்கு ஆதாரமாக்குகிறது. பலிமுறை நிறைவுற்றது என்பது வேறு. மக்கள் தள்ளப்பட்டனர் என்பது வேறு. அன்று அவ்வேதபாடத்தில் நான் இவ்விரண்டையும் கலந்துவிட்டேன்.

4. சபை வரலாற்றில்

இரண்டாம் நூற்றாண்டில் மார்க்கியோன் பழைய ஏற்பாட்டையே தள்ளினான். சபை அவனைத் தள்ளிற்று. ஆனால் அதே நூற்றாண்டில் யுஸ்தீன், திருச்சபையே உண்மையான இஸ்ரவேல் என்று வாதித்தார். நூலை வைத்துக்கொண்டு மக்களை விலக்கும் போக்கு இவ்வாறு வளர்ந்தது. கால்வின் இரு ஏற்பாடுகளிலும் உடன்படிக்கை சாராம்சத்தில் ஒன்றே என்று கற்பித்தது பெரும் நன்மை. லுத்தரோ 1543-இல் யூதருக்கு எதிராகக் கொடிய நூலொன்றை எழுதினார். பிற்காலத்தில் நாத்சிகள் அதனைப் பயன்படுத்திக்கொண்டனர். ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்ட பின்னரே சபைகள் விழித்தன. 1948-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலகத் திருச்சபைகளின் மன்றம் யூதப் பகைமையைப் பாவமென அறிவித்தது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், 1980-இல் ரைன்லாந்துச் சுவிசேஷ சபையின் மாமன்றமும், யூத மக்களைக் கடவுள் தெரிந்துகொண்டது நீங்கவில்லை என்று உரைத்தன. 1983-இல் ஸ்டாக்ஹோமில் யூதரோடு கூடிப்பேசிய லுத்தரன் உலக ஐக்கியத்தின் பிரதிநிதிகள் லுத்தரின் அவ்வெழுத்துகளை ஏற்க இயலாதென வெளிப்படையாகக் கூறினர்.

5. ஒட்டுக் கிளையின் பாடம்

ரோமர் 9:4-இல் உடன்படிக்கைகள் இஸ்ரவேலருடையவை என்று பவுல் எழுதுகிறார்; ‘இருந்தன’ என்று அவர் சொல்லவில்லை. பதினொன்றாம் அதிகாரத்தில் புறஜாதியாராகிய நம்மைக் காட்டொலிவக் கிளையென்கிறார். ஒட்டு மாங்கன்று கட்டும் தோட்டக்காரர் நாட்டுக்கன்றின் வேரில் உயர்ந்த வகையின் கிளையைக் கட்டுவார். பவுல் கூறுவதோ இதற்கு மாறானது. நல்ல வேரில் காட்டுக்கிளை கட்டப்படுகிறது. இயல்புக்கு மாறானது என்று அவரே ஒத்துக்கொள்கிறார். ஆகவே கிளைக்குப் பெருமை பாராட்ட இடமில்லை. வேரை வெட்டினால் முதலில் வாடுவது ஒட்டுக்கிளையே.

6. இரு எல்லைகள்

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, ஸ்கோபீல்டு விளக்கவுரைத் திருமறை (1909) பரப்பிய முறைப்படி, 1948-இல் தோன்றிய இஸ்ரேல் அரசின் ஒவ்வொரு செயலையும் தீர்க்கதரிசன நிறைவேற்றமாகக் கொள்ளும் போதனை நம் எழுப்புதல் கூட்டங்களில் மிகுதி. மக்களுக்குக் கொடுத்த வாக்குறுதி அரசொன்றுக்குக் கொடுத்த குற்றவிலக்கு ஆகாது. நிலம் கடவுளுடையது, இஸ்ரவேலர் அதில் பரதேசிகள் என்று லேவியராகமம் 25:23 உரைக்கிறது. பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களும் நம் சகோதரரே; 2009-இல் அவர்கள் வெளியிட்ட ‘கைரோஸ் பாலஸ்தீனம்’ என்னும் அறிக்கையின் குரலுக்கு நாம் செவிகொடுக்க வேண்டும்.

இரண்டாவது, யூதருக்குக் கிறிஸ்து வேண்டாம் என்று இதனால் முடிவுசெய்யலாகாது. பவுல் அவர்களுக்காக இடைவிடாத மனவேதனை கொண்டிருந்தார். ஆயினும் அவர் தம் வாதத்தைத் தீர்ப்போடு முடிக்காமல், கடவுளுடைய வழிகளின் ஆழத்தை வியக்கும் துதியோடு முடிக்கிறார். நாமும் அங்கேயே நிற்பது நலம்.

முடிவுரை

பிரசங்க பீடத்தில் நிற்கும் நமக்கு இதனால் வரும் கடமைகள் தெளிவானவை. பெரிய வெள்ளியன்று ‘யூதர்கள் கொன்றார்கள்’ என்று ஓர் இனத்தின்மேல் பழிசுமத்தும் பேச்சை விட்டொழிக்க வேண்டும். ‘பழைய’ ஏற்பாடு என்பதைக் ‘காலாவதியான’ ஏற்பாடாகக் கற்பிக்கலாகாது. நற்கருணைப் பாத்திரத்தை உயர்த்தும்போது, இஸ்ரவேலின் பந்தியில் விருந்தினராக அமர்த்தப்பட்டோம் என்னும் நன்றியுணர்வு நம்மில் எழவேண்டும்.

அம்முதியவர் இன்று உயிரோடில்லை. இருந்திருப்பாரானால் அவரிடம் இவ்வாறு சொல்வேன்: “ஐயா, கடவுள் அவர்களுக்குக் கொடுத்த வாக்கை மாற்றிக்கொள்ளவில்லை. நமக்குள்ள உறுதியும் அதுவே.”