மறதி நோயாளருக்கு வீட்டில் துணைபுரியும் சாதனங்கள்

பார்வை மங்கியவருக்கு மூக்குக் கண்ணாடியும், நடை தளர்ந்தவருக்குக் கைத்தடியும் உதவுகின்றன என்பதை எல்லோரும் அறிவர். நினைவு தளர்ந்தவருக்கும் அத்தகைய ஊன்றுகோல்கள் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. நம் நாட்டில் மறதி நோய்க்கு (டிமென்ஷியா) ஆளான முதியவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டிலேயே, குடும்பத்தினரின் பராமரிப்பில் வாழ்கின்றனர். எனவே, வீட்டுச் சூழலில் அவர்களுக்குத் துணைபுரியும் சாதனங்களைப் பற்றி அறிந்துகொள்வது இன்றியமையாததாகிறது.

நோயின் இயல்பும் அளவும்

மறதி நோய் என்பது ஒரே நோயின் பெயரன்று. மூளையைப் பாதித்து நினைவு, சிந்தனை, மொழி, அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் ஆகியவற்றைப் படிப்படியாகக் குறைக்கும் பல நோய்களின் தொகுதி அது. இவற்றுள் அல்சைமர் நோயே மிகுதியாகக் காணப்படுகிறது. முதுமையில் ஒருவரின் பெயரையோ பொருள் வைத்த இடத்தையோ மறப்பது இயல்பு. ஆனால், நெடுநாள் சமைத்துப் பழகியவர் சமைக்கும் முறையையே மறப்பதும், தாம் குடியிருக்கும் தெருவிலேயே வழி தவறுவதும் மருத்துவரின் கவனத்துக்கு உரியவை.

2023-ஆம் ஆண்டில் வெளியான ஒரு தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர். பெண்களிடையே 9 சதவீதமாகவும் ஆண்களிடையே 5.8 சதவீதமாகவும் இது காணப்பட்டது. கிராமப்புறங்களில் 8.4 சதவீதம், நகர்ப்புறங்களில் 5.3 சதவீதம். 2036-ஆம் ஆண்டிற்குள் இத்தொகை 1.69 கோடியாக உயரக்கூடும் என்பது அவ்வாய்வின் மதிப்பீடு. மருத்துவ வசதிகள் குறைந்த கிராமங்களிலேயே நோய் மிகுந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

காலமும் மருந்தும்

இந்நோயில் முதலில் குழம்புவது காலம் பற்றிய உணர்வு. இன்று என்ன கிழமை, இது காலையா மாலையா என்னும் ஐயம் எழுகிறது. நள்ளிரவில் எழுந்து வெளியே புறப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். கிழமை, தேதி, பொழுது ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் காட்டும் கடிகாரங்களும், பொத்தானை அழுத்தினால் நேரத்தைச் சொல்லும் பேசும் கடிகாரங்களும் இக்குறையைப் போக்க உதவுகின்றன. ஆனால், கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிக்கு அவற்றால் பயன் குறைவு. நம் வீடுகளில் தொங்கும் நாட்காட்டி, தாய்மொழியில் பெரிய எழுத்தில் தேதியைக் காட்டும் எளிய சாதனமே. நாள்தோறும் காலையில் குடும்பத்தினர் ஒருவர் அதன் தாளைக் கிழித்துவிட வேண்டும். நோயாளியிடம் விட்டுவிட்டால் ஒரே நாளில் பல தாள்கள் கிழிக்கப்பட்டு, குழப்பம் மிகுந்துவிடும்.

அடுத்தது மருந்து. உண்ட மருந்தை மறந்து மீண்டும் உண்பதும், உண்ணாமலே உண்டதாக எண்ணுவதும் ஆபத்தானவை. நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மாத்திரைகளில் இத்தவறு உயிருக்கே கேடாகலாம். ஏழு நாட்களுக்கும் வேளைவாரியாகக் கண்ணறைகள் கொண்ட மருந்துப் பெட்டி விலை குறைந்தது. கண்ணறை காலியாக உள்ளதா என்று பார்த்தே மருந்து எடுக்கப்பட்டதா என ஊகிக்கலாம். நோய் முற்றிய நிலையில் இப்பெட்டியும் குடும்பத்தினரின் பொறுப்பில் இருத்தல் வேண்டும்.

அடுப்பும் குளியலறையும்

சமையல் எரிவாயு அடுப்பை அணைக்க மறப்பது பல குடும்பங்களின் அச்சம். குறித்த நேரம் கழிந்ததும் எரிவாயுவைத் தானே நிறுத்தும் கருவிகளும், சுடர் அணைந்தால் எரிவாயு வருவதைத் தடுக்கும் அமைப்புள்ள அடுப்புகளும் உள்ளன. இவற்றை வாங்க இயலாதோர், சமையல் முடிந்தவுடன் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவைப்பதை வழக்கமாக்கிக் கொள்ளலாம். பூசை அறையில் எரியும் விளக்கும் கவனத்துக்கு உரியதே.

குளியலறையில் கைப்பிடிக் கம்பிகள், வழுக்காத தரை, அமர்ந்து குளிப்பதற்கான நாற்காலி ஆகியவை விழுவதைத் தவிர்க்க உதவும். தரையில் குந்தி அமரும் கழிப்பிடத்தைப் பயன்படுத்த இயலாதோருக்குக் கழிப்பிட நாற்காலி தேவை. உள்ளே தாழிட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் தவிப்பதும் உண்டாதலால், வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாளைப் பொருத்துவது நன்று. கழிப்பறைக் கதவில் ஒரு படம், அதற்குச் செல்லும் வழியில் இரவு விளக்கு ஆகியவை பல விபத்துகளைத் தடுக்கும். தரையில் கருநிற விரிப்பு கூடாது. சில நோயாளிகளுக்கு அது பள்ளமாகத் தோன்றி அச்சத்தை விளைவிக்கிறது.

வழி தவறுதல்

வீட்டை விட்டு வெளியேறி வழி தவறுவது குடும்பத்தினருக்கு மிகுந்த வேதனை அளிப்பது. தொலைபேசி எண் பொறித்த கைவளை, சட்டையின் உட்புறம் தைத்த முகவரித் துணி, கதவு திறந்தால் ஒலிக்கும் மணி ஆகியவை எளிய வழிகள். செயற்கைக்கோள் உதவியால் இருக்குமிடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கருவிகளும் கிடைக்கின்றன. அவை இயங்க மின்கலத்தில் மின்சாரமும் செல்பேசித் தொடர்பும் வேண்டும். மின்சாரம் தடைப்படும் ஊர்களில் இவற்றை மட்டுமே நம்பியிருத்தல் இயலாது.

இங்கு உரிமை பற்றிய கேள்வியும் எழுகிறது. ஒருவரின் நடமாட்டத்தை எந்நேரமும் கண்காணிப்பது அவருடைய சுதந்திரத்தைத் தொடுவதாகும். அவர் கருத்துச் சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போதே விளக்கிக் கூறி இசைவைப் பெறுவது முறை. வீட்டினுள் தனியே விட்டு வெளியிலிருந்து பூட்டிச் செல்வது பாதுகாப்பு ஆகாது. தீ விபத்து நேர்ந்தால் அப்பூட்டே எமனாகிவிடும்.

சாதனமும் மனிதத் துணையும்

எந்தச் சாதனத்தையும் நோயின் தொடக்கத்திலேயே அறிமுகப்படுத்த வேண்டும். புதியதைக் கற்கும் திறன் நாளடைவில் குறைந்துவிடுகிறது. பழகிய பொருளை ஒத்ததாக அது அமைவதும் நலம். காதுகேட்கும் கருவியும் கண்ணாடியும் சரியாக உள்ளனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். சரியாகக் கேட்கவோ பார்க்கவோ இயலாதபோது குழப்பம் இரட்டிப்பாகிறது.

விலை மிகுந்த சாதனமே மேலானது என்று எண்ணுவதற்கில்லை. இங்கிலாந்தில் மறதி நோய்க்கு ஆளான 495 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2021-ல் வெளியாயிற்று. மின்னணுச் சாதனங்களின் முழுத் தொகுதியைப் பெற்றவர்கள், எளிய சாதனங்களை மட்டும் பெற்றவர்களைவிட நீண்ட காலம் சொந்த வீட்டில் தங்கியிருக்க அவை உதவியதாகத் தெரியவில்லை. சாதனம் பராமரிப்பவரின் சுமையைக் குறைக்கலாம். அவருடைய இடத்தை நிரப்ப இயலாது. நம் நாட்டில் அச்சுமையைத் தாங்குவோர் பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் ஆகிய பெண்களே. கருவியை வழங்குவதுடன், அதைப் பயன்படுத்தும் முறையை இவர்களுக்குப் பயிற்றுவிப்பதும் தேவை.

அரசுத் திட்டங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட 50 முன்னுரிமை உதவிச் சாதனங்களின் பட்டியலில் மருந்துப் பெட்டி, காலத்தைத் திட்டமிட உதவும் சாதனங்கள், எளிமையாக்கப்பட்ட செல்பேசி, இருப்பிடம் காட்டும் கருவி ஆகியவை இடம்பெற்றன. நம் நாட்டில் வறிய முதியோருக்கு இலவசமாக உதவிச் சாதனங்கள் வழங்கும் ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டம் 2017 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அலிம்கோ என்னும் பொதுத்துறை நிறுவனம் இதனைச் செயற்படுத்தும் பொறுப்பை ஏற்றது. கைத்தடி, ஊன்றுகட்டை, நடைச்சட்டம், சக்கர நாற்காலி, காதுகேட்கும் கருவி, மூக்குக் கண்ணாடி, பல்தொகுதி போன்றவை இதன் தொடக்கப் பட்டியலில் இருந்தன. இவை உடல் தளர்ச்சிக்கு உரியவை. நினைவுத் தளர்ச்சிக்கு உரிய சாதனம் எதுவும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், மனநோய்க்குத் தரும் விளக்கத்தில் நினைவு, இட கால உணர்வு ஆகியவற்றின் கடுமையான கோளாறுகளையும் குறிப்பிடுகிறது. 1992-ல் கொச்சியில் தொடங்கப்பட்ட அல்சைமர் மற்றும் தொடர்புடைய கோளாறுகள் இந்தியச் சங்கம் பராமரிப்போருக்கு வழிகாட்டி வருகிறது. 14567 என்னும் தொலைபேசி எண்ணில் முதியோருக்கான தேசிய உதவிச் சேவை 2021-ல் ஏற்படுத்தப்பட்டது.

இனி வேண்டுவன சிலவே. விலை குறைந்த மருந்துப் பெட்டி, மாநில மொழிகளில் அமைந்த நாட்பலகை, பேசும் கடிகாரம், முகவரிக் கைவளை ஆகியவற்றை அரசின் வழங்கு பட்டியலில் சேர்க்கலாம். முகாமில் சாதனத்தைக் கொடுத்தனுப்புவதோடு நில்லாமல், சுகாதாரப் பணியாளர் ஒருமுறையேனும் வீட்டுக்குச் சென்று அடுப்பையும் குளியலறையையும் பார்த்து ஆலோசனை கூற ஏற்பாடு செய்யலாம். இதற்கு ஆகும் செலவு மிகுதியன்று. கைத்தடியை உரிமையாகப் பெறும் முதியவர், நினைவுக்கான ஊன்றுகோலையும் அவ்வாறே பெறும் நிலை உருவாக வேண்டும்.