சுரங்கம் மூடினாலும் விஷம் ஓயாது

திருவனந்தபுரத்துக்கு வரும் கரண்ட்

கேரளத்தில் நிலக்கரியில் ஓடும் அனல்மின் நிலையம் ஒன்றுகூட இல்லை. காசர்கோட்டுச் சீமேனியில் ஒன்று கட்டும் யோசனை வந்தபோது மக்கள் எதிர்த்தார்கள். நல்லதுதான். ஆனால் திருவனந்தபுரத்தின் சாலைக் கடைவீதியிலும் கரமனையிலும் எரியும் விளக்குகளுக்கான மின்சாரத்தில் ஒரு பங்கு ஒடிசாவின் தால்ச்சர், தமிழ்நாட்டின் நெய்வேலி போன்ற இடங்களிலிருந்து வாங்கப்படுவது. கரண்ட் இங்கே வந்துவிடுகிறது. தோண்டிய மண்ணும் சாம்பலும் சுரங்கத் தண்ணீரும் அங்கேயே தங்கிவிடுகின்றன. அவை அங்கே என்ன செய்கின்றன என்று திருவனந்தபுரத்துக்காரர்களும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

மண்மேட்டுக்கு வயது ஏற ஏற

நிலக்கரியோடு பைரைட் என்ற கனிமமும் கலந்திருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. பூமிக்குள் இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். வெட்டி மேலே குவித்ததும் காற்றும் மழையும் பட்டு அதிலிருந்து கந்தக அமிலம் உண்டாகிறது. சில பாக்டீரியாக்கள் இதை இன்னும் வேகப்படுத்துகின்றன. அமிலத் தண்ணீர் மண்ணிலுள்ள அலுமினியம், மாங்கனீசு, நிக்கல் எல்லாவற்றையும் கரைத்து ஓடைக்குக் கொண்டுபோகிறது. பைரைட் தீரும்வரை இது நிற்காது. பல பத்தாண்டுகள், சில இடங்களில் நூற்றாண்டுகள்கூட ஆகும். சுரங்கத்தை மூடி பம்புகளை நிறுத்தினால் உள்ளே நீர்மட்டம் ஏறி, அதுவரை சேர்ந்த உப்புகளைக் கழுவிக்கொண்டு வெளியே வரும். அதனால் மூடிய பிறகு நிலைமை மோசமாவதும் உண்டு.

மேகாலயாவின் ‘எலிவளை’ எனப்படும் குறுகிய நிலக்கரிச் சுரங்கங்களைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் தடைசெய்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே லூக்கா ஆறு குளிர்காலத்தில் நீலமாகி மீன்கள் செத்து மிதந்தன. கோபிலி அணை நீர் அமிலமாகி, மின்நிலையத்தின் உலோகப் பாகங்களையே அரித்தது. தடை உத்தரவால் ஆறுகள் உடனே தெளிந்துவிடவில்லை.

நெய்வேலியில் பாதரசம்

நெய்வேலியில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரியை எரித்தால் ஆர்செனிக்கும் செலினியமும் பெரும்பாலும் சாம்பலில் தங்கும். பாதரசம் ஆவியாகிப் புகைபோக்கி வழியே போய் மண்ணிலும் குளத்திலும் இறங்கும். நெய்வேலிப் பகுதியில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் ஆய்வு மையமும் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. வடக்கு வெள்ளூரில் எடுத்த நீரில் பாதரசம் அனுமதித்த அளவைப் போல 250 மடங்கு இருந்ததாக அது சொன்னது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

குளத்துச் சேற்றில் படிந்த பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீனில் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் சாப்பிடுகிற மனிதருக்கு வரும். 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோய் இதனால்தான்; அங்கே விஷத்தைக் கொட்டியது ஓர் இரசாயனத் தொழிற்சாலை. அதிகம் பாதிக்கப்படுவது கருவிலுள்ள குழந்தையின் மூளை. தாய்க்கு ஒன்றும் தெரியாமலேயே இது நடக்கலாம் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

குடிக்கும் தண்ணீரில் கவனம்

சுரங்கத்துக்கு அருகில் வசிப்பவர்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. நீர் வற்ற வற்ற உலோகத்தின் அடர்த்தி கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டுவதும் சாதாரண கேண்டில் பில்டரும் கரைந்த உலோகத்தைத் தடுக்காது. ஆர்ஓ இயந்திரம் பெரிதும் குறைக்கும்; ஆனால் அதன் கழிவு நீரைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

கிணற்று நீர் தெளிவாக இருப்பதை நம்பாதீர்கள். ஆர்செனிக்குக்கு நிறமோ மணமோ இல்லை. குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை சோதிக்கக் கொடுங்கள். பாதரசம், ஆர்செனிக் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வழக்கமான சோதனையில் இவை இருக்காமல் போகலாம். லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் பாதரசமோ, 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஆர்செனிக்கோ இருந்தால் அந்த நீரைக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டும் குட்டைக்குப் பக்கத்துக் குளத்து மீனைத் தவிர்க்க வேண்டும்.

விரல் மரத்துப்போதல், கை நடுக்கம், உள்ளங்கையில் தோல் தடித்தல், உடலில் கரும்புள்ளிகள் தெரிந்தால் டாக்டரிடம் போகும்போது, எத்தனை வருடமாக எந்தச் சுரங்கத்துக்கு அருகில் குடியிருக்கிறீர்கள், எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். பல டாக்டர்கள் அதைக் கேட்பதில்லை.