காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் அரண்மனை முற்றங்கள்

நேபாளம் என்றதும் எவரெஸ்ட் சிகரமும் பசுபதிநாதர் கோயிலுமே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன என்றாலும், அந்நாட்டின் கட்டடக்கலைச் செல்வத்தின் பெரும்பகுதி, மலைகள் சூழ்ந்த காத்மாண்டுப் பள்ளத்தாக்கில், அடுத்தடுத்து அமைந்த மூன்று பழந்தலைநகரங்களின் அரண்மனை முற்றங்களில்தான் குவிந்திருக்கிறது. காத்மாண்டு, பதான், பக்தபூர் ஆகிய இம்மூன்று நகரங்களின் தர்பார் சதுக்கங்களையும், பசுபதிநாதர் கோயில், சங்குநாராயணர் கோயில், சுயம்புநாதம், பௌத்தநாதம் ஆகிய நான்கு வழிபாட்டிடங்களையும் சேர்த்து, யுனெஸ்கோ 1979இல் ஒரே உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. தர்பார் சதுக்கம் என்பது அரண்மனையின் முன்னால் விரியும் பொதுவெளி. அரசன் கட்டிய கோயில்களும், மக்கள் நீர் முகக்கும் கல்தாரைகளும், வழிப்போக்கர் தங்கும் திறந்த மண்டபங்களும் அங்கே அருகருகே நிற்கின்றன.

இத்தனை சிறிய நிலப்பரப்பில் மூன்று அரண்மனைகள் எழுந்ததற்கு அரச குடும்பத்தின் பாகப்பிரிவினையே காரணம். பள்ளத்தாக்கை ஒரு குடைக்கீழ் ஆண்ட யட்ச மல்லன் 1482இல் மறைந்த பின்னர், அவனுடைய வாரிசுகளிடையே நாடு பிரிந்து, காலப்போக்கில் மூன்று தனி அரசுகளாயிற்று. மூன்று அரச மரபினரும் தலேஜு என்னும் ஒரே தேவியைக் குலதெய்வமாக வணங்கி, தத்தம் அரண்மனையில் அவளுக்குக் கோயில் எழுப்பினர். ஒருவர் கட்டியதை விஞ்சும் கட்டடத்தை மற்றவர் கட்ட முனைந்த அந்தப் போட்டி, கோர்க்கா மன்னன் பிரித்வி நாராயண் ஷா 1768, 1769 ஆகிய ஆண்டுகளில் மூன்று நகரங்களையும் கைப்பற்றும் வரை ஓயவில்லை. அரசியலில் அவர்களைப் பலவீனப்படுத்திய அதே பகைமைதான் கலையில் அவர்களுக்குப் பெருமை தேடித் தந்தது.

இக்கட்டடங்களைக் கட்டியவர்கள் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் மக்கள். சுட்ட செங்கல்லைக் களிமண் சாந்தால் இணைத்துச் சுவர் எழுப்பி, அதன்மேல் இரண்டு, மூன்று, அரிதாக ஐந்து அடுக்குகளில் ஓட்டுக் கூரைகளை வேய்வது அவர்கள் முறை. களிமண் சாந்து மழையில் கரையக்கூடியது என்பதால், சுவரிலிருந்து வெகுதூரம் நீளும்படி கூரையின் இறவாணம் அமைக்கப்படுகிறது. நீண்ட அந்தக் கூரையின் பாரத்தைத் தாங்க, சுவரிலிருந்து சாய்வாக மேல்நோக்கி ஊன்றிய மரத்தாங்கிகள் பொருத்தப்படுகின்றன. துண்டால் எனப்படும் இத்தாங்கிகளில்தான் பல கைகளுடைய தேவியரும், காவல் பூதங்களும், சில இடங்களில் காமக் காட்சிகளும் செதுக்கப்பட்டுள்ளன. அதாவது, பயணி அண்ணாந்து பார்த்து வியக்கும் சிற்பம் முதலில் ஒரு கட்டுமான உறுப்பு, அலங்காரம் அதன்மேல் வந்தது. சாலமரத்தைத் துளையும் கொளுவும் இட்டுப் பொருத்தி, மர ஆப்புகளால் இறுக்கும் இணைப்புகள், நில அதிர்வின்போது ஓரளவு அசைந்து கொடுக்கவும் செய்கின்றன.

பதானில் இந்த மர மரபுக்கு நடுவே விதிவிலக்காக நிற்பது கிருஷ்ணர் கோயில். சித்தி நரசிம்ம மல்லன் 1637இல் முழுவதும் கல்லால் கட்டிய இக்கோயில் வட இந்தியச் சிகர பாணியைச் சார்ந்தது. அதன் முதல் தளத்தின் விட்டத்தைச் சுற்றி மகாபாரதக் காட்சிகளும், இரண்டாம் தளத்தில் இராமாயணக் காட்சிகளும் சிறு சிறு புடைப்புச் சிற்பங்களாக ஓடுகின்றன. எதிரிலுள்ள அரண்மனையின் ஒரு பகுதி 1997 முதல் அருங்காட்சியகமாக இயங்குகிறது. அங்குள்ள செப்புத் திருமேனிகள், சுவாமிமலைச் சிற்பிகள் கையாளும் அதே மெழுகு வார்ப்பு முறையில் உருவானவை. தமிழகத் திருமேனிகள் பெரும்பாலும் கெட்டியாக வார்க்கப்பட, நேவார் சிற்பிகள் உள்ளீடற்றதாக வார்த்து மேலே பொன்முலாம் பூசினர். இக்கைத்திறன் எல்லை கடந்தும் புகழ்பெற்றது: பதிமூன்றாம் நூற்றாண்டில் குப்ளாய் கானின் அவைக்குச் சென்ற நேபாளக் கலைஞர் அரனிகோ எழுப்பிய வெள்ளைத் தூபி இன்றும் பெய்ஜிங்கில் நிற்கிறது.

மூன்றிலும் மிகுதியான நேரத்தைப் பெறத் தகுந்தது பக்தபூர். பூபதீந்திர மல்லன் 1702இல் கட்டுவித்த ஞாதபோலா கோயில், ஐந்து படிமேடைகளின்மேல் ஐந்து கூரைகளுடன் ஏறத்தாழ முப்பது மீட்டர் உயர்ந்து நிற்கிறது. படிக்கட்டின் இருபுறமும் கீழிருந்து மேலாக மல்யுத்த வீரர்கள், யானைகள், சிங்கங்கள், யாளி போன்ற விலங்குகள், பெண் தெய்வங்கள் என ஐந்து இணைகள் காவல் காக்கின்றன. ஒவ்வோர் இணையும் தனக்குக் கீழுள்ளதைவிடப் பத்து மடங்கு வலிமையுடையது என்பது மக்கள் நம்பிக்கை. கருவறையிலுள்ள சித்திலட்சுமியைப் பூசகர் தவிர எவரும் காண்பதில்லை. அரண்மனையின் ஐம்பத்தைந்து சாளர மாளிகையும், கடைசி மல்ல மன்னன் ரஞ்சித் மல்லன் அமைத்த பொன்வாயிலும் அருகருகே உள்ளன; பூசாரி மடத்தின் மயில் சாளரம் நகரின் மற்றொரு பகுதியில் உள்ளது. ஏப்ரல் நடுவில், தமிழ்ப் புத்தாண்டையொட்டியே வரும் நேபாளப் புத்தாண்டின்போது இங்கு நடக்கும் பிஸ்கெட் யாத்திரையில், பைரவரின் அடுக்குத் தேரை நகரின் மேற்பகுதியினரும் கீழ்ப்பகுதியினரும் எதிரெதிர்த் திசைகளில் இழுத்துப் போட்டியிடுவர்.

காத்மாண்டு சதுக்கத்தில் காணத்தக்கவை, மகேந்திர மல்லன் 1564இல் கட்டிய தலேஜு கோயிலும், பௌத்த சாக்கியக் குடும்பத்துச் சிறுமியை வாழும் தெய்வமாக இந்துக்களும் வணங்கும் குமாரி இல்லமும் ஆகும். பாக்மதிக் கரையிலுள்ள பசுபதிநாதர் கோயிலின் தலைமைப் பூசகர்கள் தென்னிந்தியாவிலிருந்து வரும் பட்டர்கள். கூட்டமில்லாத குன்றின்மேல் அமைந்த சங்குநாராயணர் கோயிலில், லிச்சவி மன்னன் மானதேவன் கி.பி. 464இல் பொறித்த தூண் கல்வெட்டு இருக்கிறது. வரலாற்றில் ஆர்வமுள்ளோர் அதைத் தவறவிடலாகாது.

1934இலும், பின்னர் 2015 ஏப்ரல் 25 அன்றும் தாக்கிய நிலநடுக்கங்கள் இச்சதுக்கங்களைக் கடுமையாகச் சிதைத்தன. இரண்டாவது நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் உயிரிழந்தனர். காத்மாண்டின் பழைய மரமண்டபமான காஷ்டமண்டபம், பதானின் சார் நாராயணர் கோயில், பக்தபூரின் வத்சலா கோயில் ஆகியவை தரைமட்டமாயின, ஞாதபோலாவோ சிறு சேதத்துடன் தப்பியது. பழைய முறை வலுவற்றது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. கூரை ஒழுகி, மரத்தின் முனைகள் உளுத்து, இணைப்புகள் தளர்ந்த கட்டடம்தான் எளிதில் சரிகிறது. காஷ்டமண்டபம் விழுந்த இடத்தை அகழ்ந்த தொல்லியலாளர், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் அடித்தளம் உறுதியாகவே இருந்ததைக் கண்டனர்.

பராமரிப்பு குன்றியதற்கும் ஒரு பின்புலம் உண்டு. கோயிலின் பழுதுபார்ப்பையும் திருவிழாவையும் நிலமானிய வருவாயில் நடத்திவந்தவை குத்தி எனப்படும் நேவார் அறக்கட்டளைகள். 1964இல் அமைந்த அரசுக் கழகத்தின்கீழ் பல குத்திகளின் நிலங்கள் சென்றபின் அவை நலிந்தன. எஞ்சியவற்றையும் பாதிக்கும் என அஞ்சப்பட்ட சட்ட வரைவை எதிர்த்து 2019இல் காத்மாண்டில் மக்கள் பெருந்திரளாகத் திரண்டதால், அரசு அதைத் திரும்பப் பெற்றது. காத்மாண்டின் ராணி போக்ரிக் குளத்தின் சீரமைப்பில் கான்கிரீட் பயன்படுத்தியதும் அவ்வாறே எதிர்ப்பால் கைவிடப்பட்டு, வேலை மரபு முறையில் முடிக்கப்பட்டது. காஷ்டமண்டபத்தையும் உள்ளூர் மக்களே முன்னின்று மரமும் செங்கல்லும் களிமண்ணும் கொண்டு மீண்டும் எழுப்பினர். ஆகவே, இன்று அச்சதுக்கங்களில் காணப்படும் புதுமரத்தைப் போலி என்று எண்ண வேண்டியதில்லை; பொருள் புதிதாயினும் அதைச் செதுக்கும் கைத்திறன் அறுபடாமல் வருகிறது, பள்ளத்தாக்கின் தொன்மை என்பதே அந்தத் தொடர்ச்சிதான்.

இமயத்தின் பனிச்சிகரங்களைக் காண விரும்புவோர், பக்தபூருக்கு வடகிழக்கே 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்திலுள்ள நாகர்கோட்டில் விடியலில் நிற்பது நல்லது. மழைக்காலத்தில் மேகமும் வேனிலில் புகைமூட்டமும் மறைப்பதால், அக்டோபர், நவம்பர் மாதங்களே ஏற்றவை. இந்தியருக்கு விசா தேவையில்லை. விமானத்தில் செல்வோர் கடவுச்சீட்டையோ தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டையையோ கொண்டுசெல்ல வேண்டும். காத்மாண்டிலிருந்து அரைநாளில் வந்து திரும்பிவிடாமல், ஓர் இரவேனும் பக்தபூரில் தங்கி, அங்கு நகராட்சி கேட்கும் நுழைவுக் கட்டணத்தை மனமுவந்து செலுத்துங்கள்; அத்தொகை அந்நகரின் கோயில்களைப் பழுதுபார்க்கவும் செலவிடப்படுகிறது.